கோபால் அத்தையான கதை

சைகோனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் குழுவில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து என்னைப் பார்த்து "சீ" என்றார்கள். சிரித்த முகத்தோடு "சீ". காப்பி வேண்டுமா, சீ? ஏசி அதிகமாக இருக்கிறதா, சீ? காரைக்காலில் பிறந்து வளர்ந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்! வியட்நாமியத்தில் அது அக்கா என்று தெரியும்வரை உர்ரென்று உட்கார்ந்திருந்தேன். உறவுமுறை வைக்காமல் இங்கே யாரும் யாரிடமும் வாய் திறக்க முடியாது. நான், நீ என்பதையே அக்கா, தம்பி, அத்தை என்றுதான் சொல்லியாக வேண்டும். எந்த முறை என்று தெரிவதற்காகப் பார்த்ததும் வயதைக் கேட்பார்கள். எனக்கு அதுவும் முதலில் கடுப்பாக இருந்தது.

எங்கள் அலுவலகம் சைகோனின் தூ டுக் பகுதியில். வெளிநாட்டு வங்கி ஒன்றின் பழைய கணினி நிரல்களைப் பழுது பார்த்துத் தருவது எங்கள் குழுவின் வேலை. எல்லாம் கோபோல் மொழியில் எழுதியவை. கணினி மொழிகளில் மிக மூத்தவற்றில் அது ஒன்று. மேலாளர் தேவகோட்டைக்காரர். அவர் வாயில் அது எப்போதும் 'கோபால்'தான். "கோபால் காலையிலேயே மக்கர் பண்றான்" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருவார்.

எனக்கு அந்த மொழியின் மேல் தனிப் பிரியம். மற்ற மொழிகளெல்லாம் குறியும் அடைப்புமாக முணுமுணுக்கும். இது முழு வாக்கியமாகப் பேசும். இதை அதோடு கூட்டு, வந்ததை அங்கே வை, முற்றுப்புள்ளி. கொஞ்சம் வளவளதான், ஆனால் சொல்ல வந்ததைத் தெளிவாகச் சொல்லிவிடும்.

பிரியம் எங்களோடு சரி. புதிதாகப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த வருடம் தலைமை அலுவலகம் கறாராகச் சொல்லிவிட்டது: பயிற்சி முடித்த புதியவர்கள் தாங்களாக விரும்பி எங்கள் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் வேலை மொத்தமும் சென்னைக்குப் போய்விடும். நானும் கூடவே மூட்டை கட்ட வேண்டும். என்னை 'சீ' என்று கூப்பிடும் பெண்களை ஆளுக்கொரு பக்கம் பிரித்துப் போடுவார்கள். எனக்குப் போக மனமே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் என் தட்டில் உரிமையோடு கை வைக்கிறவர்கள் எனக்கு வேறு எங்கே கிடைப்பார்கள்?

"இமேஜை மாத்தணும்மா. நம்ம கோபாலுக்கு ஒரு ஜீன்ஸ மாட்டி விடணும்" என்றார் மேலாளர். மாட்டினோம். பல்கலைக்கழக வேலைவாய்ப்பு விழாவில் ராக்கெட், ரோபோ, நீல வெளிச்சம் என்று பெரிய பேனர் வைத்தோம். மாணவர்கள் வந்தார்கள், இலவச டிஷர்ட்டை வாங்கினார்கள், "ஏஐ உண்டா?" என்று கேட்டார்கள், அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். ஒருவன் போனில் கோபோலின் வயதைத் தேடிப் பார்த்து நண்பனிடம் காட்ட, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் குழுவில், பக்கத்து மாகாணமான பின் யுவோங்கிலிருந்து தினமும் பைக்கில் வருகிறவள் ஒருத்தி. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். எரிச்சலோடு என்னவென்று கேட்டேன்.

"அவங்களும் 'கோ போங்'னு சொல்றாங்க, சீ" என்றாள். சைகோன் நாக்கில் கோபோல் அப்படித்தான் விழும். 'கோ' என்றால் அத்தை, அப்பாவின் தங்கை. 'போங்' என்றால் இந்தப் பக்கத்துப் பேச்சில் பூ.

"பூ அத்தையா?"

"நாங்க எப்பவும் அப்படித்தானே சொல்றோம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஒரே மேசையில் இத்தனை காலம் அவர்கள் அத்தையோடும் நாங்கள் கோபாலோடும் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். ஆணா பெண்ணா என்பதில்கூட ஒத்துப்போகவில்லை.

நாளைக்குப் பேனரில் அத்தையை வரைந்து வைக்கலாம் என்று நான் சொன்னதும் மேலாளர் குதித்தார். "இருக்கிற வயசு போதாதுன்னு அத்தை வேற ஆக்கணுமா?"

"ஜீன்ஸ் போட்ட கோபாலுக்கு யாரும் பொண்ணு குடுக்கல சார். அத்தைய ஒரு நாள் நிறுத்திப் பாப்போம்" என்றேன்.

மறுநாள் அத்தை நின்றாள். இங்கே சந்தைக்குப் போகிற பெண்கள் போடும் பூப்போட்ட பைஜாமா, பிளாஸ்டிக் ஸ்டூல், கையில் ஐஸ் காப்பி. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறாள். கீழே அவள் பேசும் முறை: முதலில் நான் யார் என்று சொல்வேன், பிறகு எங்கே இருக்கிறேன், கையில் என்ன வைத்திருக்கிறேன், அப்புறம்தான் வேலை. கோபோல் நிரல் ஒவ்வொன்றும் அந்த நான்கு பகுதிகளாகத்தான் எழுதப்படும். பார்த்ததும் வயதைக் கேட்கும் ஊருக்கு அது சட்டென்று புரிந்தது. கூட்டம் கூடியது. ஆளாளுக்கு அத்தையோடு செல்ஃபி. ஆனால் செல்ஃபி எடுத்தவர்களில் மூன்று பெண்கள்தான் பயிற்சிக்கு வந்தார்கள்.

மூன்று பேரும் சிநேகிதிகள், எங்கே போனாலும் சேர்ந்தே போவார்கள். நிரல் ஓடாமல் நின்றால் "அத்தைக்குக் கோபம்" என்பார்கள். முற்றுப்புள்ளி விட்டுப்போனால் "அத்தை இன்னும் பேசி முடிக்கல". கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். கடைசி வாரம் அவர்களில் சூட்டிகையானவள் என்னிடம் வந்தாள். மொபைல் கேம் செய்யும் குழு அவளைக் கூப்பிட்டிருக்கிறதாம். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். அவள் போனால் மற்ற இருவரும் நிற்க மாட்டார்கள். இரு என்று கெஞ்ச வாய் வரை வந்தது. யோசித்துச் சொல்லும்மா என்றேன்.

முடிவு சொல்ல வேண்டிய நாளில் தன் கடைசிப் பயிற்சி நிரலை அனுப்பினாள். கோபோல் நிரலின் தலைப்பில் எழுதியவர் பெயருக்கென்று ஒரு வரி உண்டு. அந்த இடத்தில் அவள் தன் பெயரைப் போடவில்லை. 'கோன்' என்று அடித்திருந்தாள். அத்தையிடம் பேசும்போது இங்கத்துப் பெண்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் சொல் அது. பிள்ளை என்று அர்த்தம். நான் கேட்கக் காத்திருந்த பதிலும் அதுதான். கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "பேரு போடணுமே, ரூல்ஸ் இருக்கே" என்றார்.

"திருத்தச் சொல்லவா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். "வேணாம்மா. வந்துட்டுப் போற பிள்ளைதான் பேரச் சொல்லும். வீட்லயே இருக்கப் போற பிள்ளை எதுக்குச் சொல்லணும்?"