பிஸ்கட் டின்னும் நாலு பல்லும்

என் வலது மணிக்கட்டுக்கு மேலே நாலு பல் பதிந்த தழும்பு இருக்கிறது. வளையலை ஏற்றிவிட்டால் மறைந்துவிடும். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது சிலர் பார்த்துவிட்டு நாய் கடித்ததா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். கடித்தது நாயில்லை. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிற ஒருத்தி. அன்று அவள் கடிக்காமல் விட்டிருந்தால் நான் இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை காலைக்குப் பயந்துகொண்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் வாரத் தவணை. செவிலிமேட்டில் பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு கம்பெனியில் கடன் வாங்கியிருந்தோம். அடமானம் கிடையாது. ஒருத்திக்கு மற்ற ஒன்பது பேரும் ஜாமீன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். பணம் முழுசாக வரும்வரை வசூல் ஆபீசர் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். அவர் கத்த மாட்டார், ஒரு கெட்ட வார்த்தை பேச மாட்டார். அந்த வேலைக்கெல்லாம் லீடர் என்று ஒருத்தி இருந்தாள். எங்கள் குழுவுக்கு லீடர் நான்தான்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் கைதான் முதலில் போகும், வாய் அப்புறம். அதைத் தெரிந்துகொண்டுதான் என்னை லீடராக்கினார்கள் என்பது ரொம்ப நாள் கழித்து உறைத்தது. அப்போது பெருமையாக இருந்தது. எங்கள் குழுவில் ஒரு வாரம்கூடப் பாக்கி நின்றதில்லை என்று அடுத்த தெருக்காரிகளிடம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

நாங்கள் எல்லோரும் பட்டுப்புடவைக்குக் குஞ்சம் கட்டுகிறவர்கள். தறியிலிருந்து அறுத்து வரும் புடவையின் முந்தானை ஓரத்தில் நூல் பிசிறாகத் தொங்கும். அதைப் பிரித்து முறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் புடவைக்கு இவ்வளவு என்று கடையில் கூலி. முகூர்த்த மாதங்களில் விரல் தேய வேலை இருக்கும். ஆடியில் ஈ ஓட்ட வேண்டியதுதான். தவணைக்கு ஆடியாவது ஆவணியாவது.

அந்த ஆடியில் நாலு வீடு தள்ளி இருக்கிற அவள் இரண்டு வாரம் தவணை கொடுக்கவில்லை, மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்டினோம். அவள் புருஷன் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டியவன், கால் முறிந்து வீட்டில் படுத்திருந்தான். மூன்றாவது செவ்வாயும் அவள் கூட்டத்துக்கு வரவில்லை. ஆபீசர் வாட்சைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"லீடரக்கா, நீங்களே பாத்துக்குங்க. ஒம்பது மணிக்கெல்லாம் நான் ஆபீஸ்ல இருக்கணும்."

நான் எழுந்து போனேன். அவள் அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு டிபன் டப்பாக்கள் திறந்து கிடந்தன. யூனிபார்ம் போட்ட இரண்டு பெண் பிள்ளைகள் ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"துட்டு எங்கடி?"

"சாயந்தரம் கடையில கூலி தர்றாங்கக்கா. நேரா உன் வூட்டுக்கே எடுத்துக்கினு வரேன்."

"போன வாரமும் இதான் சொன்ன."

"பொண்ணுங்க ஸ்கூலுக்குப் போவட்டும்கா..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. நான் ஓங்கி ஒரு அறை விட்டேன். அவள் சாமான் அலமாரியில் போய் மோதினாள், கரண்டியும் தட்டுகளும் விழுந்தன. சின்னவள் வீறிட்டாள். நான் அடுப்பை அணைத்தேன், ரெகுலேட்டரைக் கழற்றினேன், சிலிண்டரைச் சாய்த்து வாசல்படி வழியாகத் தெருவுக்கு உருட்டினேன். படுக்கையிலிருந்து அவன் "யக்கா, யக்கா" என்றான். எழுந்திருக்க அவனால் முடியவில்லை. தெருமுனை டீக்கடையில் சிலிண்டரை அடகு வைத்து, வந்த பணத்தை ஆபீசர் கையில் கொடுத்தேன். அவர் நோட்டில் டிக் போட்டுவிட்டு, இந்த ஏரியாவிலேயே பெஸ்ட் லீடர் நான்தான் என்றார்.

பானையில் பொங்கியிருந்த நுரை அடங்கினதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. கூட்டத்துக்கு வருவாள், எண்ணி வைப்பாள், போய்விடுவாள். பாதிக் கடன் முடிந்ததும் கம்பெனி வழக்கம்போலப் புதுக் கடனை நீட்டியது. பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார்கள், தவணை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நாங்கள் ஒன்பது பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினோம். அவள் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. பழையதைக் கட்டி முடித்துக் குழுவிலிருந்து விலகிக்கொண்டாள்.

நான் செவ்வாய்க்கு ஒரு கம்பெனி, வியாழனுக்கு ஒன்று, சனிக்கு ஒன்று என்று மூன்றில் மாட்டியிருந்தேன். செவ்வாயை அடைக்கச் சனியில் வாங்கினேன். ஒரு சனிக்கிழமை பாக்கி நின்றது. அந்தக் குழுவின் லீடர் என் வீட்டுக்கு வந்து, என் மயிரைக் கொத்தாகப் பிடித்துத் தெருவில் இழுத்துப் போட்டாள். என் முட்டி சிராய்ந்து ரத்தம் வந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. சிலிண்டர்காரியும் தன் வாசலில் நின்று பார்த்தாள். அவள் சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் எங்கள் குழுவின் சின்னப்பெண் போனை நீட்டினாள். நூறு நாள் புதுக் கடன் வாங்காமல் இருக்கிற சேலஞ்ச் என்று யாரோ வீடியோ போட்டிருந்தார்கள். தினமும் ஒரு டிக் போட வேண்டுமாம். எல்லோரும் சிரித்தோம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த சிலிண்டர்காரி நின்றாள்.

"டிக்கு போட்டா ஆபீசரு திரும்பிப் போயிடுவாரா? கார்டுங்கள எங்கிட்ட குடுத்துடுங்க. நான் வெச்சிக்கினு இருக்கேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆதார், ஓட்டர் கார்டு, பேங்க் பாஸ்புக் மூன்றும் இல்லாமல் எங்கள் பக்கம் எந்தக் கம்பெனியும் கடன் தராது. ஆதாரை நெட் சென்டரில் மறுபடி எடுக்கலாம், பாஸ்புக்கை அவ்வளவு சுலபமாக எடுக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அவள் வீட்டில் வைத்தோம். ஒன்பது பேரும் அவரவர் கடன் தீருகிறவரை புதிதாக வாங்கக் கூடாது, தீர்ந்தால் கார்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கார்டு வேண்டுமென்றால் எல்லோர் முன்னாலும் வந்து கேட்க வேண்டும். ஒருத்திக்குத் தவணை குறைந்தால் எல்லோரும் அவள் வீட்டுக்குப் போவோம், சாமானைத் தூக்கிப்போட இல்லை, கிடைத்த புடவைகளோடு உட்கார்ந்து அவளுக்காகக் குஞ்சம் கட்ட. நான்தான் கடைசியாகக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினாள்.

"லீடரும் குடுத்துட்டாங்கபா" என்றாள் மற்றவர்களிடம்.

நாங்கள் ஒன்றும் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டு கடன் கட்டவில்லை. சண்டையில்லாமல் ஒரு செவ்வாய் போனதில்லை. ஒருத்தி மகளின் சடங்குக்கு மண்டபம் பேசிவிட்டு வந்து கார்டைக் கேட்டாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து உலுக்கி, மண்டபக்காரனிடம் அட்வான்ஸைத் திரும்ப வாங்க வைத்தோம். அவள் மூன்று வாரம் எங்களைத் திட்டிக்கொண்டே குஞ்சம் கட்டினாள். ஆனால் ஒரு வருஷத்தில் என் சனியும் வியாழனும் தீர்ந்தன. செவ்வாய் மட்டும் பாக்கி, பதினோரு வாரம்.

அப்போதுதான் என் வீட்டுக்காரரின் குட்டி யானை லோடு வண்டியை பைனான்ஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நாலு மாசத் தவணை கட்டவில்லை என்பதை அன்றுதான் எனக்குச் சொன்னார். மறுநாள் காலையில் என் கார்டைக் கேட்டார். புதிதாக வந்த ஒரு கம்பெனி அன்றைக்கே பணம் தருமாம், ஆள் தெருமுனையில் டேப்லெட்டோடு நிற்கிறாராம். முடியாது என்றேன். என் தலையைப் பிடித்து பீரோவில் மோதினார். நானும் சும்மா வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை, கையில் கிடைத்த சொம்பால் அவர் தோளில் போட்டேன். அதற்கும் சேர்த்து வாங்கினேன். உதடு கிழிந்தது, ஒரு காது அடைத்துக்கொண்டது. பெல்டை உருவிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கார்டு இல்லாம இந்த வூட்டுக்குள்ள கால வெச்ச, கொன்னுடுவேன்."

எனக்கு அவர்மேல் வந்த கோபம் முழுவதையும் தூக்கிக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போனேன். இதை எழுதக் கூசுகிறது. அடித்தவனை விட்டுவிட்டு, தடுக்கிறவளை அடிக்கப் போனேன்.

அவள் ஜன்னல் ஆணியில் முந்தானையை இழுத்துக் கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என் கார்ட குடு."

அவள் என் உதட்டைப் பார்த்தாள். "எல்லாரையும் கூப்பிடறேன். அவங்க முன்னாடி கேளு."

"என் கார்ட கேக்கறதுக்கு நான் யார கேக்கணும்? குடுடி."

டின் பரண் ஓரத்தில் இருந்தது. நான் எட்டுவதற்குள் அவள் எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அதே வீட்டில் இரண்டாவது முறை அவளை அறைந்தேன். அவள் விடவில்லை. கொண்டையைப் பிடித்து இழுத்தேன், முழங்காலால் இடுப்பில் இடித்தேன், இரண்டு பேரும் தரையில் உருண்டோம். தண்ணீர்க் குடம் சாய்ந்து வீடெல்லாம் ஓடியது. அவள் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகியது. ஒரு தடவைகூட என்னைத் திருப்பி அடிக்கவில்லை, அடிக்க ஒரு கையை எடுத்தால் டின் போய்விடும். நான் மூடிக்குள் விரலை விட்டு நெம்பினேன். மூடி திறக்கப் போகிற நேரத்தில் குனிந்து என் மணிக்கட்டைக் கடித்தாள்.

கடித்துவிட்டு விடவில்லை. நான் அலறினேன், அவள் முதுகில் இடது கையால் குத்தினேன், பல் இன்னும் உள்ளே இறங்கியது. மற்றவர்கள் ஓடிவந்து பிரித்தபோது அவள் வாய் முழுக்க என் ரத்தம். டின் அவள் வயிற்றோடுதான் இருந்தது.

சின்னப்பெண் துப்பட்டாவைச் சுற்றி என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஊசி போட்ட நர்ஸ் நாயா என்று கேட்டாள். அன்றுதான் முதல் தடவை ஆமாம் என்றேன்.

திரும்பி வந்தால் என் வீட்டுக்குள் எங்கள் குழு உட்கார்ந்திருந்தது. பெல்டோடு நின்ற மனுஷனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர் ஆணி வரைக்கும் ஏழெட்டுப் பட்டுப்புடவைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். எல்லாம் கடைக்காரர் சரக்கு, கல்யாணப் புடவைகள். என்னை அடுப்படிப் பக்கம் உட்கார வைத்தார்கள். என்னை அடிக்க வேண்டுமென்றால் அவர் அந்தப் புடவைகளைக் கடந்து வர வேண்டும். கால் பட்டு ஒரு ஜரிகை அறுந்தாலும் கடைக்காரர் முழு விலையைக் கேட்பார். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் நின்று என் குலத்தையே திட்டினார். அவர்கள் தலையை நிமிர்த்தாமல் முடிச்சுப் போட்டார்கள்.

ஆறு நாள் மாற்றி மாற்றி அப்படி உட்கார்ந்தார்கள். தெருமுனையில் நின்ற டேப்லெட்காரர் வேறு தெருவுக்குப் போய்விட்டார். ஏழாவது நாள் என் வீட்டுக்காரர் ஏனாத்தூரில் ஒருவர் வண்டிக்குக் கூலி டிரைவராகப் போனார். திருந்திவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இப்போதும் கை ஓங்குவார். ஓங்கியதும் வாசலை ஒரு முறை பார்த்துக்கொள்வார்.

என் கடைசிச் செவ்வாயன்று ஆபீசர் புத்தகத்தில் முடிந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, புதுக் கடன் பெரிய தொகையாகத் தருகிறோம் என்று ஆரம்பித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். நேராக அவள் வீட்டுக்குப் போனேன். எங்கள் ஒன்பது பேரில் கடைசியாகத் தீர்ந்தது என் கடன்தான். அவள் ஆணியில் புடவையை மாட்டிக்கொண்டு வேலையாக இருந்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"டின்னு அங்க இருக்குது பாரு. எடுத்துக்கோ."

டின்னுக்குள் என்னுடையது மட்டும்தான் மிச்சம் இருந்தது. கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வேறு எதையோ கேட்டது.

"எனக்காகவா அன்னிக்கு அத்தினி அடி வாங்கின?"

அவள் முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள். "உனக்காக யாருக்கா வாங்குவா? கடன் இருக்கிற வரைக்கும் நீ யார் வூட்டுக்காச்சும் போவ. அவங்க சிலிண்டர உருட்டுவ. நாளைக்கு எம் பொண்ணே கல்யாணம் கட்டிக்கினு இந்தத் தெருவுல குடியிருந்தா, அவ வூட்டுக்கும் வருவ. அதான் உன் கார்ட புடிச்சிக்கினேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னிக்கு உன் பொண்ணுங்க..." என்றேன்.

"அந்த அரவேக்காட்டுச் சோத்தையேதான் டப்பாவுல போட்டு அனுப்பினேன். தண்ணி ஊத்தி ஊற வெச்சுத் தின்னுதுங்களாம்." நூலை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள். "கையில நூலு இருக்குதுக்கா. சோறு வெந்துச்சான்னு பாரு. வெந்திருந்தா அடுப்ப நிறுத்திடு."

கரண்டியால் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினேன். வெந்திருந்தது. இன்னொரு பருக்கையையும் எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பை நிறுத்தினேன்.