டார்ச்சும் கெடவில்லை, பாலும் கெடவில்லை

"நிறுத்துட்டி வெள்ளத்தாய்! என் மருமவ எங்க அடுப்பை அணைச்சிட்டான்னு இன்னொரு தடவ சொல்லாத. டார்ச்சை எடுத்து அடிச்சது நீ. அவ இல்ல."

பக்கத்து வீட்டுக்காரியிடம் நேற்றும் இப்படித்தான் கத்தினேன். எத்தனை தடவை கத்துவது?

என் மருமகள் பொன்மணி கூமாப்பட்டிக்காரி. களை பறித்துக்கொண்டே கெமிஸ்ட்ரி படித்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற எங்கள் வீட்டுக்கு வாழ வந்த பிறகும், ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிப்போய் ஒரு லேபில் வேலை பார்த்தாள். என்ன வேலை என்று கேட்டேன்.

"பாலு கெடாம இருக்க மருந்து ஊத்துதாங்கல்லா அத்தை, அதக் கண்டுபிடிக்கச் சாயம் செய்யுதோம். மருந்து பட்டா சாயம் நீல வெளிச்சத்துல மின்னும்."

எனக்கு எழுத்து தெரியாது. இது புரிந்தது.

அதற்காக அவள் வீட்டில் வைத்திருந்த நீல டார்ச், கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்கிற டார்ச் மாதிரியே இருக்கும். கோவா வாங்க வந்த வெள்ளத்தாய் அதை எடுத்துச் சட்டிமேல் அடித்தாள். கோவா பச்சையாய் மின்னியது. "ஆத்தீ, மருந்து!" என்று போனில் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டாள். வாடிக்கைக் கடைகள் எல்லாம் சரக்கு வேண்டாம் என்றன.

பொன்மணி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்: "சாயமே ஊத்தலக்கா. பாலுல உள்ள சத்து அந்த வெளிச்சத்துக்குத் தானா மின்னும். நல்ல பாலும் மின்னும்."

"அப்போ சாயத்த ஊத்திக் காட்டு" என்றாள் வெள்ளத்தாய்.

"ரெண்டு மினுக்கமும் கலந்துரும், கண்ணு பிரிக்காது. லேப்ல மிஷின்தான் பிரிக்கும்."

"உன் மிஷினு, உன் வீட்டுக் கோவா. நீயே சர்ட்டிபிகேட்டும் குடுத்துக்கிடுவியோ?" என்று சிரித்தாள்.

பொன்மணி கோவாவை வெளி லேபில் கொடுத்து, சுத்தம் என்று தாளும் வாங்கி வந்தாள். படம் போன வீடுகளுக்கு அந்தத் தாள் போகவில்லை.

என் மகன் சமுத்திரம் ஒரு வழி சொன்னான். "டார்ச்சு ரிப்பேரு, தப்பாக் காட்டிருச்சுன்னு போன்ல பேசிப் போடு. தொழில் பொழச்சிரும்."

"டார்ச்சும் கெடல, பாலும் கெடலயே! இன்னைக்கு நான் பொய் சொன்னா, நாளைக்கு நெசமா மருந்து ஊத்துறவனைக் காட்டும்போது எவன் நம்புவான்?"

"அப்போ லேபா, வீடா? ஒண்ணு சொல்லு."

அவள் பையை எடுத்தாள். நான் அடுப்படியில் துடுப்போடு நிற்கிறேன். சட்டியில் பால் சுண்டி இறுகுகிற பக்குவம். "ஏட்டி, செத்த நில்லு! ஏலே சமுத்திரம், அவள மறியேம்ல!" என்று அலறினேன். அவன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நான் கிண்டுகிற சத்தம் நின்றது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். வாசலில் திரும்பிப் பார்த்தாள்.

"கையை எடுக்காதிய அத்தை, அடிப்பிடிச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.