ஞானமணி டீச்சர் தைத்த இரண்டு பைகள்

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் பல்லடம் வண்டியில் ஏறப் போனேன். நம் பள்ளியில் படித்த கண்டக்டர் தடுத்து நிறுத்தினார். "ஏனுங்க சார், ஞானமணி டீச்சர் தவறிட்டாங்களாமுங்க. காத்தால தானுங்க சேதி வந்துச்சு." அந்த வண்டியை விட்டுவிட்டேன்.

அவரோடு வேலை பார்த்து, இன்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அந்தத் தேர்தல் சண்டை மறந்திருக்காது. நம் பள்ளியின் பெற்றோர் குழுத் தலைவரைக் கோயில் மண்டபத்தில்தான் முடிவு செய்வார்கள். ஊர்க்காரர் ஒருவர் பெயரைச் சொல்வார், கூட்டம் கைதட்டும், பொங்கல் கொடுப்பார்கள். காலனிக்காரர்கள் வெளியே வெயிலில் நின்று கைதட்டுவார்கள். அந்தக் குழுதான் காலனிப் பிள்ளைகள் பள்ளிக் குழாயைத் தொடக்கூடாது என்று வைத்திருந்தது. யாராவது ஊற்றினால்தான் அவர்களுக்குத் தண்ணீர்.

"பஞ்சாயத்துக்கே எலெக்சன் வந்துபோட்டுது, பள்ளிக்கூடத்துக்கு ஆகாதுங்களா?" என்று டீச்சர் கேட்டார். ஓட்டு வைத்தால் ஊர் ரெண்டாகிவிடும் என்றார் தலைமையாசிரியர். "இப்ப மட்டும் ஒண்ணாவா இருக்குதுங்க சார்?" என்றார் இவர். நம்மில் பலர் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரு வருடம் சம்மதித்தார்கள். கோழிப்பண்ணை முதலாளியை எதிர்த்து, அதே பண்ணையில் முட்டை பொறுக்கும் ரோசம்மா நின்றார். படிக்கத் தெரியாதவர்களும் போட வேண்டுமே என்று ஆளுக்கொரு புளியங்கொட்டை. கரும்பலகைக்குப் பின்னால் முதலாளிக்கு எவர்சில்வர் குடம், ரோசம்மாவுக்கு மண்பானை. பள்ளியில் இருந்தவை அவைதான். யார் எதில் போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது என்று டீச்சர் எல்லோருக்கும் தைரியம் சொன்னார்.

முதல் கொட்டை 'டங்'கென்று விழுந்தது. அடுத்தவர் போட்டபோது அந்தச் சத்தமே இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதலாளி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் குடம் மட்டும்தான் ஒலித்தது. ரோசம்மா உள்ளே போனபோதும் 'டங்' என்றுதான் கேட்டது.

வெளியே வந்தவர் டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. "ஊட்ல அடுப்பெரியோணுமுல்லீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தமில்லாமல் போட்டவருக்கு மறுநாளே பண்ணையில் வேலை போயிற்று.

"சனங்க பயந்துட்டாங்கன்னு பேசாதீங்க. நாந்தான் காட்டிக் குடுத்துபோட்டேன்" என்று டீச்சர் நம் முன்னால் வாய்விட்டு அழுதார். அந்தக் கோடை விடுமுறையில் ஒரே துணியில் இரண்டு பைகள் தைத்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் எடுத்து வருவார். "அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க" என்பார் தலைமையாசிரியர். மறுபடியும் கைதட்டல்தான், பொங்கல்தான்.

காரியம் முடிந்ததும் பைகளை அவர் மகள் என்னிடம் கொடுத்தார். கொட்டையைப் போட்டு, காதை வைத்துக் கேட்டேன். துளிச் சத்தமில்லை. காலனிப் பிள்ளைகள் இன்றும் குழாயடியில் கையேந்தித்தான் நிற்கிறார்கள்.

பைகளை ரோசம்மாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் தெச்சிருக்காங்க. ஒண்ணு மொதலாளிக்கு. இன்னொண்ணு யாரு பேருக்குங்க சார்?"

பெயரில்லாத அந்தப் பையைத்தான் இப்போது கையில் வைத்திருக்கிறேன், டீச்சர்.