காத்தாயியின் பெயரைச் சொன்னவன்

காத்தாயிக்கு எங்கள் வயலில் நடவு வேலை இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். பத்து வயது, அறியாப் பிள்ளை என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அறிந்துதான் செய்தேன்.

புதிய ஆட்சி வந்து, பண்ணைகளில் கூலித் தகராறு ஓயாதிருந்த காலம். விவசாய இலாகாவிலிருந்த மாமா, கயிறு பிடித்து வரிசையாக நடுவதைப் பழக்க, பாபநாசத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு வந்தார். பள்ளிக்கூடக் கொட்டகையில், என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிராசுதார்களையும் நடவுப் பெண்களையும் ஒரே வட்டமாக உட்காரவைத்தார். அதனாலேயே ஒருவரும் வாய் திறக்கவில்லை. கைப்பிடி நாற்றைக் கட்டிய முடி ஒன்றை மாமா எடுத்தார். அது கைக்கு வந்தவர் ஏதாவது சொல்ல வேண்டும்.

“தப்பா சொன்னாலும் பரவாயில்லைங்க. இங்க பேசுனது இங்கயே இருக்கும்.”

முடி நெருப்புத் துண்டு போலக் கைமாறியது. என் அம்மா வயதுள்ள காத்தாயி மட்டும் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

“வரிசையா நட்டா நேரமாவுங்க. பெரிய பண்ணையில இப்பவே கஞ்சிக்குக் கரையேற வுடல. இனிமே அந்தக் கயித்துலயே கட்டிப்போட்டுடுவாங்களா?”

பெண்கள் சிரித்தார்கள். அதன் பிறகு எல்லோரும் பேசினார்கள்.

பெரிய பண்ணை எங்களுடையது. அப்பா அன்று வரவில்லை; பேச்சு மட்டும் அவர் காதுக்கு எட்டிவிட்டது. சாப்பாட்டின்போது, “எவடா அப்படிப் பேசுனா?” என்று கேட்டார். மாமா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தார். நான் பெயரைச் சொன்னேன். அப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார்; அது அபூர்வம். மறுநாள் நடவுக்குக் காத்தாயி வர வேண்டாமென்று ஆள் போயிற்று.

அடுத்த கூட்டம் இரண்டு நாள் கழித்து நடந்தது. அப்பாவும் வந்திருந்தார். முடி சுற்றிச் சுற்றி வந்தது, சத்தமில்லை. மாமாவின் முகம் வாடிவிட்டது. முடி என் கைக்கு வந்தபோது, “நான்தான் காத்தாயி பேர அப்பாகிட்ட சொன்னேன்” என்று சொல்லி உடைந்து அழுதேன்.

“அழுவாதீங்க சின்னய்யா, நாத்து அழுவிப்போயிடும்” என்றார் காத்தாயி. கொட்டகையே சிரித்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “நாளைக்கு அவளையும் வரச் சொல்லுங்க. கஞ்சிக்குக் கரையேறட்டும்” என்றார். மறுநாள் காத்தாயி சேற்றில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

என் கண்ணீர்தான் அப்பாவைக் கரைத்ததென்று வெகுகாலம் நம்பியிருந்தேன். கல்லூரி முடித்த பின் காத்தாயி வீட்டுக்குப் போய் முறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் பாயை உதறிப் போட்டார்.

“என்னைக் கூப்புடலன்னு தெரிஞ்சதும் ஒருத்தியும் ஒங்க வயல்ல எறங்கல தம்பி. பறிச்ச நாத்து வாய்க்கால்ல கெடந்து மஞ்சளாயிடுச்சி. அய்யாவுக்கு எறங்கி வர ஒரு சாக்கு வேண்டியிருந்துது. நல்லவேளையா நீங்க அழுதீங்க.”