துண்டு போட்ட இடம்

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே எங்கள் ஆட்டோ நிற்கிறது. மெட்ரோ தூண்களுக்குக் கீழே எதுவும் நகரவில்லை. சாயங்காலம் லண்டனுக்கு விமானம். மலிவுக் கட்டண நிறுவனம் ஒன்று பெரிய விமானம் வாங்கி, இப்போதுதான் அத்தனை தூரம் பறக்கத் தொடங்கியிருக்கிறது. டிக்கெட் மலிவு. சோறு, பெட்டி, போர்வை எல்லாவற்றுக்கும் தனிக் காசு. பக்கத்துப் பக்கத்து சீட்டுக்கும் தனிக் காசு என்றதும் நான் வேண்டாம் என்றுவிட்டேன். ஆகவே முதன்முதலாகப் பறக்கப்போகும் என் மனைவி முன்பக்கம், நான் வால் பக்கம். காலையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

கண்ணாடியில் எங்கள் முகங்களைப் பார்த்த ஆட்டோக்காரர் விசாரிக்கிறார். சொல்கிறேன்.

"இன்னா சார், சீட்டு புடிக்கத் துட்டா? அங்க பாரு."

நிலையத்துக்குள் ஒரு திருவள்ளூர் பேருந்து நுழைகிறது. அது நிற்பதற்குள் ஜன்னல்கள் வழியே கைக்குட்டை, துண்டு, சாப்பாட்டுப் பை எல்லாம் சீட்டுகளில் விழுகின்றன. போட்டவருக்கே இடம்; யாரும் மறுபேச்சு பேசுவதில்லை.

"ஏரோப்ளேன்ல ஜன்னலைத் திறக்க முடியாதே," என்கிறேன்.

"அதுவும் கரெக்ட்டுதான்." கொஞ்சம் யோசித்தவர், தன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து உதறி, என்னைத் தாண்டி அவளிடம் நீட்டுகிறார். "தோச்சதுதாம்மா. உள்ள பூந்ததும் மொத வேலையா பக்கத்து சீட்ல இத்தப் போட்டுடு. எவன் இன்னா கேக்குறான்னு பாக்கலாம்."

அவள் சிரித்துவிடுகிறாள். துண்டை மடித்துக் கைப்பையில், பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறாள்.

"எனக்குத்தானே போடுவே?" என்று கேட்கிறேன்.

"அதுக்குத் தனிக் காசு," என்கிறாள்.