நாலு மூலையாகக் காய்ந்த புல்

தாம்பரத்தில் என் சொந்த வீட்டு வாசலில் மண்டியிட்டுப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "இன்னா சார், மோதிரம் வுழுந்துட்ச்சா?" என்றார். "இல்லைங்க, புல்லு காயுது. ஏன்னு பாக்கறேன்" என்றேன். அவர் நம்பவில்லை. பத்து நிமிடம் என்னோடு சேர்ந்து மோதிரத்தைத் தேடிவிட்டுத்தான் போனார்.

தொண்ணூறுகளின் தொடக்கம், மே மாதம். டெட்ராய்ட்டில் பத்து வருடம் குப்பை கொட்டியதில் எனக்குப் புல்தரைப் பைத்தியம் பிடித்திருந்தது. ஊரில் கட்டிய வீட்டிலும் ஒன்று போட்டேன். அந்த வீட்டில் என் தங்கை சரோஜா தனியாக இருந்தாள். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று நான் நச்சரித்ததில், மனைவி மாலதி ஒரு நிபந்தனை போட்டாள். "அந்த வெயில்ல உங்க புல்லு பச்சையா நிக்குதுன்னா போட்டோ எடுத்துட்டு வாங்க. நானும் வர்றேன்." கேமராவும் ஒரு மாத லீவுமாக வந்து பார்த்தால், ஏழெட்டு இடத்தில் பழுப்பு.

வேர்ப்புழு, பூஞ்சை, உப்புத்தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். அமெரிக்க மருந்தைத் தெளித்தேன். தெருவே குடத்தோடு நிற்கையில் லாரித் தண்ணீர் வாங்கிப் புல்லுக்கு ஊற்றி, எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்கினேன். கடைசியில் தோட்டவேலை செய்யும் காசிம் பாயைப் பிடித்துத் திட்டினேன்.

"நான் டெய்லி தண்ணி வுட்டுகினுதான் கீறேன் சார். பூச்சின்னா கண்ட மேனிக்குத் துன்னும். இது பெட்ஷீட் விரிச்சாப்ல நாலு மூலையா கீது பாருங்க" என்றார். சரோஜா அந்தச் சமயம் பார்த்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

தினமும் சொந்தக்காரர்களைப் பார்க்க வெளியே போய்விடுவேன். ஒருநாள் மாம்பலம் போய்ச் சாயங்காலம் வருவதாகக் கிளம்பியவன், வெயில் தாங்காமல் பல்லாவரத்திலேயே இறங்கித் திரும்பினேன். புல்தரை முழுக்கப் பிளாஸ்டிக் ஷீட்டுகள், மூலைக்கொரு செங்கல், மேலே வரிவரியாக வடாம். மாமர நிழலில் ஏழெட்டுப் பெண்கள் காக்கை விரட்டியபடி வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சரோஜா. என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"மாடியில போடக் கூடாதா?" என்றேன்.

"மாடியில நிழல் ஏதுண்ணா? காக்கா ஓட்ட யார் உக்காருவா?" என்றவள், குரலைத் தாழ்த்தினாள். "புல்லு பச்சையா இருந்த வரைக்கும் ஒருத்தரும் கேட்டைத் தாண்டி வரலை. நான் சுவத்தோட பேசிட்டிருந்தேன்."

மறுநாள் காசிம் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார், நானும் அந்த வடாத்தைத் துன்னவன்தான்" என்று சிரித்தார். ஷீட்டை எடுத்தால் பத்து நாளில் தளிர்த்துவிடும் என்றார். லீவில் பன்னிரண்டு நாள் பாக்கி இருந்தது. எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் ஒரு குச்சியை வாங்கிக்கொண்டு மாமரத்தடியில் உட்கார்ந்தேன்.

மாலதி பழுப்புப் புல்லின் போட்டோவைப் பார்த்தாள். சரோஜா கொடுத்தனுப்பிய வடாத்தைப் பொரித்து, "உப்பு சரியா இருக்கு" என்றாள், அவ்வளவுதான். நாங்கள் ஊருக்குத் திரும்பவில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

அடுத்த கோடையில் மாலதியே டெட்ராய்ட் வீட்டுப் பின்புறம் வடாம் பிழிந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் நின்று என் புல்லைப் பார்த்துக் கவலைப்பட்டார். ஏதோ நோய் என்று ஒரு மருந்து டப்பாவை நீட்டினார். தேங்க்ஸ் சொல்லி வாங்கிக்கொண்டேன். அவர் தலை மறைந்ததும் ஷீட்டைச் சற்றுத் தள்ளி விரித்து, மூலைக்கொரு கல் வைத்து, குச்சியோடு மேப்பிள் நிழலில் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை ஒரு காக்கைகூட வரவில்லை.