லீவு போடாத ஊர்

ஒபெலியாவின் இடது கை குழாயைப் பிடித்திருந்தது. வலது கை அதன் நுனியில் பசை தொட்டு, இணைப்பில் செருகி, அரைச் சுற்றுத் திருப்பியது. உள்ளே ஒரு குமிழிகூட இல்லை. கிட்னி கெட்டவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்குப் போகிற குழாய் அது. அவள் முதுகுக்குப் பின்னால் வெளியூர் முதலாளிகள் சிலர் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு நின்றார்கள். மேற்பார்வையாளன் ராம்செஸ் அவர்களுக்கு ஊரை விற்றுக்கொண்டிருந்தான்.

"பாலைவனம்னு யோசிக்காதீங்க. நிலம் மலிவு. மழைக்குப் பயந்து கட்டட வேலையை நிறுத்த வேண்டியதில்ல. காலையில இங்க ஒட்டுற குழாய் சாயங்காலம் எல்லைப் பாலத்தைத் தாண்டி எல் பாசோ ஆஸ்பத்திரியில இருக்கும். எல்லாத்துக்கும் மேல எங்க ஜனங்க. லீவே போட மாட்டாங்க. இதோ ஒபெலியா அம்மா, நாங்க மரியாதையா டோன்யான்னு கூப்பிடுறவங்க, வேலைக்குச் சேர்ந்ததிலேருந்து ஒருநாள் வராம இருந்ததில்ல."

அதில் பொய்யில்லை. ஹுவாரெஸ் கம்பெனிகளில் ஒருநாள் வராவிட்டால் அந்த வாரத்து ஊக்கத்தொகை மொத்தமும் போய்விடும். காய்ச்சலோடு வருவார்கள். பல்வலியோடு வருவார்கள். பிரசவ வலியோடு வந்தவளையும் ஒபெலியா பார்த்திருக்கிறாள்.

பக்கத்து மேசையிலிருந்து சாயோ உதடு அசையாமல் பேசினாள்.

"உன்னைப் புனிதராக்கி, படத்தை மாட்டி மெழுகுவத்தி ஏத்தப் போறான்டி."

"வாயை மூடிட்டு ஒட்டு."

"இந்நேரம் நீ ஆத்துல இருக்க வேண்டியவ."

ஒபெலியா அடுத்த குழாயை எடுத்தாள்.

ஹுவாரெஸுக்கும் எல் பாசோவுக்கும் நடுவே நாட்டு எல்லையாக ஓடும் ஆறு அந்தப் பருவத்தில் வெறும் சேறு. அன்றைக்கு ஒருநாள் மட்டும், பிரிந்த குடும்பங்கள் அதன் நடுவில் சந்திக்க இரண்டு பக்கத்து அதிகாரிகளும் விடுவார்கள். யாரையும் பிடிக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்தார் நீலச் சட்டை, இந்தப் பக்கத்தார் வெள்ளைச் சட்டை. ஒரு குடும்பத்துக்கு மூன்று நிமிஷம். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம், அழலாம், பிறகு அவரவர் கரைக்குத் திரும்ப வேண்டும்.

ஒபெலியாவின் ஒரே மகள் யெசெனியா வீட்டுவேலைக்கென்று குடியேற்றப் பேப்பர் இல்லாமல் எல் பாசோவுக்குப் போனவள். அங்கேயே கல்யாணம், அங்கேயே ஒரு பெண்குழந்தை. இங்கே வந்தால் மறுபடி அங்கே போக முடியாது. ஒபெலியாவுக்கோ விசா கிடைக்கவில்லை. அனாப்ரா மேட்டிலுள்ள அவள் வீட்டு வாசலில் நின்றால் மகள் இருக்கும் தெருவின் விளக்குகள் தெரியும். அவ்வளவுதான்.

முந்தின நாள் போனில்தான் ஒபெலியா மகளிடம் சொன்னாள், ஆற்றுக்கு வர முடியாதென்று.

"கம்பெனிக்குப் புது லைன் வந்தா இந்த மேட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் வேலைடி. நாளைக்கு வர்ற முதலாளிங்களுக்குக் கையோட்டத்தைக் காட்ட நான்தான் வேணுமாம். ராம்செஸ் கால்ல விழாத குறை."

யெசெனியா சிரித்தாள்.

"மகளைவிட குழாய் ஒசத்தியாப் போச்சா? சரி, அடுத்த தடவை ரெண்டு பங்காக் கட்டிப்பிடிக்கணும்."

"மூணு நிமிஷத்துல ரெண்டு பங்கா?"

"நீதான் கைவேகக்காரியாச்சே அம்மா."

அடுத்த தடவை வரவில்லை. சில வாரங்கள் கழித்து, ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது மருமகன் ஆதான் கூப்பிட்டான். யெசெனியாவுக்கு இரண்டு கிட்னியும் போய் மாதக்கணக்காகிறது. பேப்பர் இல்லாதவளை, மூச்சு முட்டும் நிலைக்கு வந்தால்தான் இயந்திரத்தில் போட்டார்கள். இந்தமுறை தாமதமாகிவிட்டது.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. ஆத்துல நேருல சொல்லிக்கிறேன்னா. நீங்க வரலன்னு தெரிஞ்சும் அன்னிக்குப் போனா, அத்தை. கடைசி நேரத்துல வந்தாலும் வருவீங்கன்னு நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு கரையிலயே நின்னா."

ஒபெலியா நேரே பாலத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரிகள் ஆஸ்பத்திரிக் கடிதம் கொண்டு வா என்றார்கள். கடிதம் வருவதற்குள் யெசெனியா போய்விட்டாள்.

திரும்பிப் போக முடியாதென்பதற்காகவே வராமல் இருந்தவள், இனித் திரும்பிப் போக வேண்டாதவளாகப் பாலத்தைத் தாண்டி வந்தாள். பேப்பர் இல்லாத ஆதான் குழந்தையோடு அந்தப் பக்கமே நின்றுவிட்டான். சவப்பெட்டியின் மேல்பாதியில் கண்ணாடி பதித்திருந்தது. அன்று சாயங்காலம் ஒபெலியா வீட்டில் ஜெபமாலை சொன்னார்கள். சாயோ எல்லாருக்கும் காப்பி ஊற்றினாள். ராம்செஸ் மலர்வளையத்தோடு வந்து நின்றான்.

"டோன்யா, நேரம் சரியில்லதான். ஆனா உங்களுக்குத் தெரியணும். புது லைன் நமக்குத்தான். வந்தவங்களுக்கு ரொம்பப் பிடிச்சது இங்க யாரும் லீவு போடாததுதானாம்."

சாயோ கெட்டிலை நங்கென்று வைத்தாள்.

ஒபெலியா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். அவனும் ஊக்கத்தொகைக்கு ஓடுகிறவன்தான்.

"காப்பி குடிச்சியா?"

"இல்ல."

"குடி. ரொட்டி அந்தத் தட்டுல இருக்கு."

மறுநாள் விடியும் முன்னே கம்பெனி பஸ் மேட்டடியில் வந்து ஹாரன் அடித்தது. ஒபெலியா இறங்கிப் போய் டிரைவரிடம், "இன்னிக்கு நான் லீவு" என்றாள். அவன் தொப்பியைக் கழற்றினான். பஸ் போனது.

அவள் வீட்டுக்குள் வந்து, ஆற்றுக்கென்று அலமாரியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். சவப்பெட்டிக்காரர் எடுக்கும் நேரமாகிவிட்டதென்று வந்து நின்றார்.

"இந்தக் கண்ணாடியைக் கழட்டுங்க."

"அந்தப் பக்கத்துல மூடி அனுப்பினது, டோன்யா. திறக்கக் கூடாது."

"மூணு நிமிஷம். ஆத்துல அவ்வளவுதான் குடுத்தாங்க. எனக்கும் அது போதும்."

அவர் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். நான்கு திருகாணிகளைக் கழற்றி, கண்ணாடியைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு வாசலுக்குப் போனார். ஒபெலியா குனிந்து, மகளின் கழுத்துக்கு அடியில் ஒரு கையையும் தோளுக்கு அடியில் ஒரு கையையும் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.